படங்கு கட்டிய கார்

காருக்குள் வெற்றிலை வாசனை வந்தது. உடப்புசல்லாவையைத் தாண்டி ராகலைப் பக்கம் ஏறத் தொடங்கியதும், கால்மாட்டிலிருந்த ஹீட்டர் பெட்டி அன்றைக்கு முதன்முதலாகக் கொஞ்சம் சூட்டை ஊதியபோதுதான் மேர்வின் அதைக் கவனித்தான். மென்று துப்பிய வெற்றிலை, அதோடு ஈரச் சாக்கு, கொழுந்துக் கறை, மழையில் நனைந்து உடம்போடு காய்ந்த வியர்வை. அவன் வெற்றிலை போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி டோரீனும் போடுவதில்லை. அவள் மடியில், கம்பளிச் சால்வைக்குள் விசில் சத்தத்தோடு மூச்சை இழுத்துக்கொண்டிருந்த டெல்சிக்கு மூன்று வயது.

"ஏதாச்சும் மணக்குதா ஒனக்கு?"

"ஒன்னும் இல்லீங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பின்னேரம்தான். ஆனால் தேயிலை மலைகள் இரண்டு பக்கமும் பனிமூட்டத்துக்குள் போய்விட்டன. பாதைக் கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் வந்து மறைந்தன. பிள்ளைக்குக் காலையிலிருந்தே மூச்சிழுப்பு. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர், நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், குளிர்காற்று மட்டும் படவே கூடாது என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். ஆட்டோவில் போனால் நாலு பக்கமும் குளிர்காற்று. மிச்சம் இருந்தது மேர்வினின் பழைய மொரிஸ் மைனர்தான்.

அந்தக் கார் என்றால் மேர்வின் மாஸ்டருக்கு வாய் ஓயாது. பள்ளிக்கூடத்தில் தேநீர் நேரம் முழுக்க அதே பாட்டுத்தான். காரின் முகப்பிலுள்ள முன்கம்பி வழியாக வரும் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பங்கு ரேடியேட்டருக்குள் நுழைந்து எஞ்சினைக் குளிர வைக்கிறது. மிச்சம் பக்கத்துக் குழாயில் புகுந்து, ஹீட்டர் பெட்டியில் சூடாகி, நம்மிடம் வருகிறது. "கார் எத மோந்து பாக்குதோ, அதத்தான் நாமளும் மோந்து பாக்குறோம்" என்று முடிப்பான். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

மலைக்குளிரில் எஞ்சின் சூடாகாவிட்டால் ஹீட்டரும் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்த காற்றைத்தான் ஊதும். அதனால் பழைய கார் வைத்திருப்பவர்கள் தை மாதப் பனிக்கு, குளிர்காற்று எஞ்சினில் படாதபடி, முன்கம்பியை மூடி அட்டை கட்டுவார்கள். மேர்வின் கட்டியிருந்த அட்டை இன்றைய மழையில் நைந்து, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே வரும்போதே விழுந்துவிட்டது. அங்கேதான், ஓடைத் திருப்பத்தில், தேயிலைச் செடியின் மேல் ஒரு படங்கு கிடந்ததைக் கண்டான். கொழுந்தெடுக்கும் பெண்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்தத் தடித்த சாக்கு. பக்கத்தில் ஒரு பாயும் தலையணையும் கிடந்தன.

"ஐயோ, வேணாங்க. அது அம்மாக்கண்ணு அக்கா சாமானுங்க" என்று டோரீன் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

அம்மாக்கண்ணு அந்தத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள், போன வாரம்தான் இழுப்பில் செத்துப்போனவள். செத்தவர் படுத்த பாயையும் வேலைக்குக் கட்டிய படங்கையும் ஓடைக்கரையில் போட்டுவிடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். அவை தானாக மக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் தொடமாட்டார்கள். மேர்வினுக்கும் அது தெரியும்.

"ஆபத்துக்குப் பாவமில்ல" என்றான். படங்கை உதறி முன்கம்பியில் மூடி, அதிலிருந்த கயிற்றாலேயே, ஒரு தரம் இழுத்தால் அவிழ்கிற மாதிரி ஒரு சுருக்கு முடிச்சைப் போட்டான். பிள்ளையின் உதடு நீலம் பூத்திருந்தது. அந்த நேரத்தில் வேறெதையும் யோசிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

ராகலை டவுனின் கடை விளக்குகள் பின்னால் போய்விட்டன. வாசனை கூடியது. ஹீட்டரின் இரைச்சலுக்குள் இன்னொரு சத்தமும் இருந்தது. முதலில் பழைய மோட்டாரின் முனகல் என்று நினைத்தான், பிறகு பிள்ளையின் இழுப்பு என்று நினைத்தான், ஆனால் பிள்ளை மூச்சை விடும்போது அது மூச்சை இழுத்தது. நீளமாக இழுத்து, வெளியே விட மறந்தது மாதிரி அப்படியே வைத்திருந்து, கடைசியில் நாக்கைத் தட்டி ஒரு 'ச்சு'.

அந்தச் 'ச்சு' அவனுக்குத் தெரியும். கடைசி மாதங்களில் அம்மாக்கண்ணு வாயில் வெற்றிலையோடு பள்ளிக்கூடத்து மதிலில் சாய்ந்து, பாதி ஏற்றத்தில் நின்று, அப்படித்தான் மூச்சு வாங்குவாள்.

சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியிருந்தது. ஏற்றத்தில் எஞ்சினுக்குக் காற்றுப் போதவில்லை. படங்கை அவிழ்த்தாக வேண்டும். ஒரு வளைவில் காரை ஓரம்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினான்.

சுருக்கு முடிச்சைக் காணவில்லை. கயிறு இரண்டு சுற்று சுற்றி, பக்கவாட்டில் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் பெண்கள் இடுப்பில் இறுக்குவார்களே, அதே கட்டு. நகம் பெயர இழுத்தான். அசையவில்லை. சாக்கைக் கிழிக்கப் பார்த்தான். கிழியவில்லை. அப்போதுதான் அவன் கைக்குக் கீழே படங்கு உப்பியது. தணிந்தது. மறுபடி உப்பியது.

எஞ்சின் நின்றிருந்தது. விசிறி நின்றிருந்தது. மலையில் ஓர் இலைகூட ஆடவில்லை.

"என்னாங்க! புள்ளைக்கு ரொம்ப இழுக்குது! வாங்க!"

ஓடி வந்து ஏறினான். சாவி இரண்டு முறை நழுவியது. கார் கிளம்பிவிட்டது, அதுவே பெரிய புண்ணியம். ஆனால் முள் இறங்கவில்லை. முன்பக்கம் மூடிக் கிடக்கையில் எஞ்சின் சூட்டை இறக்க ஒரே வழிதான் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருப்பான். ஹீட்டரை முழுக்கத் திறக்க வேண்டும். எஞ்சினின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிட வேண்டும்.

திறந்தால் அந்த மூச்சு பிள்ளைக்கு வரும். திறக்காவிட்டால் எஞ்சின் வெந்து இந்த வனாந்தரத்தில் நிற்கும். போனில் சிக்னல் இல்லை. எதிரே ஒரு பஸ்கூட வரவில்லை. மேர்வினுக்கு அழுகை வந்தது.

திறந்தான்.

"அப்பாடா, இப்பத்தான் நல்லா சூடு வருது" என்றாள் டோரீன். பிள்ளையின் முகத்தை ஹீட்டர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"அங்கிட்டு திருப்பாத!"

"என்னா பேசுறீங்க? சூடு பட்டாத்தானே சளி எளகும்."

முள் மெல்ல இறங்கியது. பிள்ளையின் விசில் சத்தமும் மெல்ல இறங்கியது. ஆனால் அது நிற்கவில்லை. இடம் மாறியது. மடியில் குறையக் குறைய, ஹீட்டர் பெட்டிக்குள் ஏறியது. காலையிலிருந்து அவன் நெஞ்சைப் பிசைந்த அதே மெல்லிய சத்தம். பெரியவர்களின் இழுப்பு அல்ல. சின்ன நெஞ்சின் இழுப்பு.

அவனுக்கு விளங்கிவிட்டது. ஹீட்டர் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினான். மூடவில்லை. இரண்டு கையாலும் தள்ளினான். கார் பாதை ஓரத்துக்கு இழுத்தது. டோரீன் அலறினாள். மூடியது.

முள் ஒரேயடியாக ஏறியது. பொனட்டிலிருந்து ஆவி சீறியது. கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

அமைதி.

ஹீட்டர் மட்டும் நிற்கவில்லை. மூடிய பெட்டியின் இடுக்கில் கையை வைத்துப் பார்த்தான். காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. அவன் விரல்களை நனைத்து, இழுத்து, உள்ளே போனது. கடைசியாக ஒரு தரம். பிறகு அதுவும் நின்றது.

"பாத்தீங்களா?" டோரீன் அழுதுகொண்டே சிரித்தாள். "இழுப்பு நின்னுடுச்சு. மாதா நம்மளக் கைவிடல்ல."

பிள்ளை அமைதியாக மூச்சு விட்டது. இழுத்தது. வைத்திருந்தது.

ச்சு.

கால்மாட்டில், குழாயின் அடியிலிருந்து, சாக்கால் வாயைப் பொத்தினாற்போல ஒரு சின்னக் குரல் கேட்டது.

"அப்பா... மூச்சு முட்டுது அப்பா..."

டோரீனிடம் சொல்லத் திரும்பினான். அவள் மடியில் டெல்சியின் கண்கள் அகலத் திறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவளுடைய இரண்டு கைகளும் சால்வையின் நூலைக் கிள்ளின. கிள்ளின. கிள்ளின. கை நிறைந்ததும், முதுகில் ஒரு கொழுந்துக் கூடை தொங்குவது மாதிரி, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசிவிட்டு, மறுபடி கிள்ளத் தொடங்கின.