ஒரு சொட்டும் சிந்தாத வண்டி

"வண்டியில பழுது இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

நாற்காலியைக் காட்டியும் அவர் உடனே உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து இருக்கையை மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். துணியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தபின்தான் அமர்ந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை. துணியின் ஓரம் மட்டும் வெளிர்பச்சையாக இருந்தது.

பட்டறையின் மெக்கானிக் ஐம்பதைக் கடந்த பெண்மணி. எஞ்சினிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும்வரை வாய் திறக்காமல் நிற்பவர். அவருடைய கணவர் அச்சகத்தில் இருபது வருடம் பிழை திருத்திவிட்டு, பிறகு மனைவியின் பட்டறைக்கு உதவியாக வந்தவர். எழுத்தில் தேடிய பிழையை இப்போது மனிதர்களிடத்தில் தேடிக்கொண்டிருந்தார்.

"மிச்சம்னா என்னங்க?" என்று ஆவலோடு முன்னால் நகர்ந்தார் கணவர்.

"என் தம்பிய வீட்ட விட்டு அனுப்பறது."

பெரியவர் சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. வேன் அவருடைய அப்பா வாங்கியது. ஆஸ்பத்திரிக்கு நர்ஸுகளைக் கொண்டுபோய் விடும் வண்டி. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. போன வாரம் பாலத்தின் நடுவில் கொதித்து நின்றுவிட்டது. பதினாறு நர்ஸுகள் இறங்கி நடந்தார்கள்.

"அதுல ஒருத்தங்க என்னைப் பாத்து, 'பரவால்ல பெரியவரே, வயசாயிடுச்சில்ல'ன்னாங்க. வண்டியச் சொன்னாங்களா என்னையச் சொன்னாங்களான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

"எஞ்சினக் குளிர வைக்கற கூலண்ட் தண்ணி குறையுதா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தினமும் ஒரு டம்ளர். ஆனா தரையில ஒரு சொட்டு கிடையாது. ராத்திரி ஷெட்டப் பூட்டிச் சாவிய நானே வெச்சுக்கறேன். பானெட்டுல நூல் கட்டினேன், நூல் அறுபடல. காலையில பாத்தா அப்பவும் குறைஞ்சிருக்கு. அப்ப, பகல்ல ஓட்டுற என் தம்பி எறக்கிவிட்டுட்டு, சாயங்காலம் அளவு சரியா இருக்குன்னு பொய் சொல்றான்னுதானே அர்த்தம்? இதத் தள்ளிட்டுப் புதுசு வாங்கலாம்னு ஒரு வருஷமா நச்சரிக்கிறான். எஞ்சின் செத்தா நான் சம்மதிச்சுத்தானே ஆகணும்?"

வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்ற தம்பியின் காதில் எல்லாமே விழுந்தது. நாற்பது வயது மனிதர். கதவின் கைப்பிடியைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் வண்டிச் சாவிய வெச்சுட்டுப் போகச் சொல்லிட்டேன்" என்று முடித்தார் பெரியவர்.

மெக்கானிக் எழுந்து வேனைச் சுற்றி வந்தார். அவ்வளவு சுத்தமான எஞ்சினை அவர் பார்த்ததில்லை. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு திருகும் கண்ணாடிபோல் மின்னியது. அடியில், எஞ்சினின் அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு மாட்டியிருந்தது. அதன்மேல் மடித்த கோணிப்பை.

"இது எதுக்கு?"

"எங்கப்பா போட்டது" என்றார் பெரியவர். அந்தக் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. "நம்ம வண்டி அடுத்தவங்க வாசல்ல ஒரு சொட்டுச் சிந்தக்கூடாதுன்னு சொல்லுவார். தினம் காலையில எஞ்சினத் துடைக்கறதும் அவர் வெச்ச பழக்கம்தான். விடியறதுக்கு முன்னாடி தண்ணி அளவு பாப்பேன், குறைஞ்சத ஊத்துவேன், அப்புறம் துடைப்பேன். இன்னிவரைக்கும் ஒரு நாள் விட்டதில்ல."

மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். எஞ்சின் எண்ணெயைக் கம்பியால் எடுத்துப் பார்த்தார். பால் கலந்ததுபோல் வெளுக்காமல் தெளிவாக இருந்தது. புகைக்குழாயில் வெள்ளைப் புகை இல்லை. வேனுக்குள்ளே கால்மிதிக்குக் கீழே கைவிட்டார். காய்ந்து கிடந்தது. சூடு சற்றுத் தணிந்ததும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் காற்றழுத்தும் கருவியை மாட்டினார். முள் ஏறி நின்றது. கால் மணி நேரமாகியும் இறங்கவில்லை.

"பாத்தீங்களா! ஓட்டையே இல்ல" என்றார் பெரியவர். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"ஏம்மா, அப்ப தம்பிதானா?" என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார் கணவர். "எனக்கு அந்தப் பச்சைச் சாயத் துணி மேலயும் ஒரு கண்ணு. அதுல என்னவோ இருக்கு."

"முதல் தடவையா உருப்படியா ஒண்ணு சொல்லிருக்கீங்க. வெளிய சொல்லாதீங்க" என்றார் அவர்.

பிறகு ஒரு சிறிய குப்பியிலிருந்து மஞ்சள் திரவத்தை ரேடியேட்டரில் ஊற்றி மூடியை இறுக்கினார்.

"இன்னிக்கு வழக்கம்போல ஓட்டட்டும். ராத்திரி நீங்க வழக்கம்போலப் பூட்டுங்க. விடியக்காலையில என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நாளைக்குக் காலை ட்ரிப்புக்கு மட்டும் வேற வண்டி சொல்லிடுங்க. நாங்க எட்டு மணிக்கு வர்றோம்."

மறுநாள் எட்டு மணிக்கு ஷெட்டில் நால்வரும் கூடினார்கள். தரை பெருக்கிக் கழுவி, காய்ந்து பளிச்சென்றிருந்தது. தம்பி ஒரு சுவரோரமும் அண்ணன் எதிர்ச் சுவரோரமும் நின்றார்கள். வேன் நடுவில் நின்றது.

"இன்னிக்கும் ஒரு டம்ளர் குறைஞ்சிருக்கு" என்றார் பெரியவர்.

"ஷட்டர இறக்குங்க."

ஷட்டர் இறங்கியதும் வெளிவெயில் முழுவதும் அறுந்துபோயிற்று. இருட்டில் மெக்கானிக் ஒரு விளக்கைத் தட்டினார். மங்கலான ஊதா ஒளி எஞ்சின்மேல் விழுந்தது.

நால்வரும் எஞ்சினை நோக்கிக் குனிந்தார்கள்.

எஞ்சினின் முன்பக்கம் முழுவதும் பச்சை ஒளிக் கோடுகள் வளைந்து வளைந்து கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, கை வீசிய வேகத்தில் இழுத்த அரைவட்டங்கள். முப்பத்தொரு வயது இரும்பு, வானத்து நட்சத்திரங்களை அள்ளிப் பூசிக்கொண்டதுபோல் இருந்தது.

"அடேயப்பா!" என்றார் கணவர். அவருக்கே அது கேட்கவில்லை.

"நான் ஊத்தின மருந்து கூலண்ட்டோட கலந்திருக்கு. கூலண்ட் எங்க போனாலும் இந்த வெளிச்சத்துல தெரியும்" என்றார் மெக்கானிக். "தம்பி, கையக் காட்டுங்க."

தம்பி இரண்டு கைகளையும் நீட்டினார். விளக்கின் கீழே அவை இருட்டாகவே இருந்தன.

"பெரியவரே, நீங்க."

பெரியவர் தயங்காமல் நீட்டினார். நகக்கண்களிலும், உள்ளங்கை ரேகைகளிலும், விரல் இடுக்குகளிலும் பச்சை எரிந்தது. சட்டைப் பைக்குள் இருந்த துணி, சட்டையையும் மீறி ஒரு விளக்கைப்போல் ஒளிர்ந்தது.

"கையும் களவுமா..." என்று ஆரம்பித்த கணவர், மனைவி திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கினார்.

"நானா?" என்றார் பெரியவர். அந்த நிமிர்ந்த முதுகு முதல் முறையாகச் சற்று வளைந்தது. "நான் எதுவும் எறக்கல. எங்கப்பா மேல ஆணையா."

"நீங்க திருடலைங்க. சாட்சியத் துடைச்சிருக்கீங்க" என்றார் மெக்கானிக். "நேத்து எஞ்சின் சூடா இருந்தப்ப ஒரு துளி அழுத்தம்கூடக் குறையல. அப்ப, ஒழுகறது சூட்டுல இல்ல, குளிர்ல. எண்ணெயில தண்ணி கலக்கல, வண்டிக்குள்ளயும் ஈரமில்ல. அதனால வெளியிலதான் ஒழுகியாகணும். ஆனா தரையிலயும் இல்ல, எஞ்சின்லயும் இல்ல. ஏன்? தரைக்கு வராம உங்கப்பா தட்டு பிடிச்சுக்குது. எஞ்சின்ல நிக்காம நீங்க துடைச்சிடறீங்க. உங்க துணியோட ஓரம் வெளுத்த பச்சையா இருந்துச்சு. தினமும் பச்சைக் கூலண்ட் ஊத்தியிருந்தா சாயம் கடுமையா இருந்திருக்கும். நீங்க வெறும் தண்ணியா ஊத்தி ஊத்தி நிறமும் போச்சு, சூடு தாங்கற சத்தும் போச்சு; அதான் பாலத்துல கொதிச்சுது. விடியக்காலை இருட்டுல அது உங்களுக்குப் பனி ஈரம் மாதிரிதான் பட்டிருக்கும்."

பெரியவரின் கண்கள் தட்டின்மேல் இருந்தன. மெக்கானிக் கோணிப்பையை மெல்ல விலக்கினார். அதன் மடிப்புகளுக்குள் ஒரு பச்சைக் குளமே தேங்கிக் கிடந்தது.

"ஓட்ட ஓட்ட இந்த ஈரம் எஞ்சின் சூட்டுல காய்ஞ்சிடும். அதனால யாரும் பாக்கல. இப்ப இங்க பாருங்க."

ஒரு சிறிய கண்ணாடியை நீளக் கம்பியில் பிடித்து கூலண்ட்டைச் சுழற்றும் வாட்டர் பம்ப்பின் அடியில் காட்டினார். மிளகளவு துவாரம் ஒன்று. அதன் விளிம்பில் ஒரு பச்சைப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகத் திரண்டு, கனத்து, தயங்கி, உதிர்ந்தது. அந்த ஒரு சொட்டு விழும்வரை நான்கு பேரும் அசையவில்லை.

"இவ்வளவு சின்ன ஓட்டையா?" என்றார் தம்பி.

"இது பழுதான ஓட்டை இல்ல தம்பி. செஞ்சவங்களே வெச்சது. உள்ள தண்ணிய அடைச்சு வெக்கற சீல் தேஞ்சா வெளிய சொல்லணும்னு வெச்சிருக்காங்க. சூட்டுல சீல் விரிஞ்சு அடைச்சுக்குது, குளிர்ந்தா சுருங்கி விட்டுடுது. ராத்திரி பூரா இந்த எஞ்சின் வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. விடிஞ்சதும் நீங்க வந்து வாயத் துடைச்சு விட்டுட்டீங்க."

ஷட்டரை ஏற்றியதும் வெளிச்சத்தில் எல்லாம் பழையபடி ஆயிற்று. எஞ்சின் வெறும் இரும்பு. கைகள் வெறும் கைகள். ஆனால் அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

வேலை மதியம்வரை நீண்டது. கூலண்ட்டை வடித்து, பெல்ட்டைக் கழற்றி, பழைய பம்ப்பை எடுத்தார்கள். உள்ளே சீல் ஒரு பக்கம் நூலாகத் தேய்ந்திருந்தது. பொருந்தும் இடத்தைச் சுரண்டிச் சமமாக்கி, இடைவெளி அடைக்கும் புதிய கேஸ்கெட் வைத்து, புதிய பம்ப்பைப் பூட்டி, திருகுகளைக் குறுக்கு நெடுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்கள். மெக்கானிக் கேட்பதற்கு முன்பே தம்பி ஸ்பானரை நீட்டினார். அவருக்கு அந்த வண்டியின் ஒவ்வொரு எலும்பும் தெரிந்திருந்தது. பெரியவர் ஒரு ஸ்டூலில் அமர்ந்து, பழைய பம்ப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து கசிந்த ஈரத்தை அவர் துடைக்கவில்லை.

"கை கழுவிட்டு வாங்களேன்" என்றார் கணவர்.

"இருக்கட்டும்."

புதிய கூலண்ட்டை மருந்து கலந்து ஊற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அழுத்தம் ஏற்றினார்கள். அரை மணி நேரம். முள் நின்ற இடத்தில் நின்றது. ஷட்டர் மறுபடி இறங்கியது. ஊதா விளக்கின் கீழே பம்ப்பின் துவாரம் இருண்டு கிடந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

தம்பி தகரத் தட்டைக் கையில் எடுத்தார். "அண்ணே, இத மாட்டிடவா?"

"வேண்டாம்."

"அப்பா போட்டதுண்ணே."

"சிந்துனா சிந்தட்டும். யார் வாசலா இருந்தாலும் துடைச்சுக் குடுத்துட்டு வரலாம். மறைச்சு வெச்சு வீட்டு ஆளையே திருடன்னு சொன்னதுக்கு அது தேவல."

பெரியவர் எழுந்தார். முதுகு மீண்டும் நேரானது. இடுப்பிலிருந்து ஷெட்டுச் சாவியை எடுத்து, பச்சையாக எரியும் கையில் வைத்து நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை.

தம்பி சாவியை எடுக்கவில்லை. சாவியோடு சேர்த்து அந்தக் கையையே இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"புது வண்டிப் பேச்ச இனி எடுக்க மாட்டேண்ணே."

"எடு. இந்த வண்டிக்கும் வயசாகுதுதானே" என்றார் பெரியவர்.

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெக்கானிக் அவர் தோளைத் தொட்டு, விளக்கை அணைக்காமல் சற்று நேரம் அப்படியே பிடித்திருந்தார். அண்ணன் கையை விட்டபோது, காலையில் இருட்டாக இருந்த தம்பியின் உள்ளங்கைகளும் பச்சையாக ஒளிர்ந்தன.