ரெண்டு மூடி மருந்து

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்து வாசலில் குட்டியானை வண்டி வந்து நின்றதும், அதன் முதுகில் இருந்த வெள்ளை மிஷினைத்தான் விஜயலட்சுமி முதலில் பார்த்தாள். பிறகு ஓட்டி வந்தவனைப் பார்த்தாள். பார்த்ததும்... மிஷினை மறந்துவிட்டாள்.

ஈர முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அதன் கீழே இரண்டு கண்கள்... மழை கழுவிவிட்ட மாதிரி.

"உளுந்தூர்பேட்டையிலேந்து வரேங்க. பேரு முருகவேல். கார்ப்பெட் மிஷின் ஓட்டிக் காட்டச் சொன்னீங்களாமே?"

"பத்து மணிக்கு வரச் சொன்னா இப்ப வரீங்க. ரிசப்ஷனுக்கு ஜனம் வந்து உக்காந்தப்புறம் கழுவலாம்னு இருந்தீங்களா?"

"வழியெல்லாம் மழைங்க..."

"எங்க ஊர்லயும் அதே மழைதாங்க!"

அவன் சிரித்தான். அவளுக்குக் கோபம் வரவில்லை. வராததுதான் அவளுக்கு அதிர்ச்சி.

அப்பாவுக்கு முட்டி போனதிலிருந்து பந்தலும் கார்ப்பெட்டும் வாடகைக்கு விடும் தொழில் அவள் கையில். ஐப்பசி முழுக்க முகூர்த்தம், முழுக்க மழை. கழுவிய கார்ப்பெட் காய்வதே இல்லை. சுடுதண்ணீரை அடித்து, அழுக்கோடு திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் மிஷின் ஒன்று வேண்டும். பெட்ரோலில் ஓடுவதைப் போன வாரமே பார்த்தாயிற்று. அது போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இது கரண்டில் ஓடுவது.

மேடையில் விரித்திருந்தது புதிய, வெளிர் சந்தன நிறக் கார்ப்பெட். முந்தைய நாள் நலங்கில் மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டது. சாயங்காலம் ரிசப்ஷன். "கறையோட கெடந்துச்சுன்னா இனிமே இந்த மண்டபத்துப் பக்கம் வராதம்மா" என்று மண்டபத்துக்காரர் சொல்லிவிட்டார். இந்த மண்டபம் போனால் அவளுக்குப் பாதித் தொழில் போனது.

முருகவேல் தொட்டியைத் திறந்து சோப்பு மருந்தை அளவுப்படி ஒரு மூடி ஊற்றினான். கண் அவள் பக்கம் வந்தது. கை மறுபடியும் ஒரு மூடி ஊற்றியது. அவள் அதைப் பார்த்தாள். சொல்ல நினைத்தாள்... வாய் வரவில்லை.

மிஷின் பூனை மாதிரி முனகியது. அவ்வளவுதான் சத்தம். குழாயை மஞ்சள் கறைமேல் வைத்து இழுத்தான்.

கார்ப்பெட் சிவந்தது.

இழுத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவப்பு. மணப்பெண்ணின் அத்தை சின்னப்பொண்ணு பூக்கூடையைக் கீழே போட்டாள். "அய்யய்யோ, ரத்தம்! மேடையில ரத்தம்!"

"இன்னாங்க பண்ணி வச்சீங்க?" விஜயலட்சுமி ஓடி வந்து மிஷினை நிறுத்தினாள்.

"எனக்கே தெரியலீங்க... கம்பெனி புக்குல மஞ்சளப் பத்தி ஒண்ணுமே போடல." அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அவள் திரும்பினாள். வாசலில் ஆரத்தித் தட்டு. அதிலும் அதே சிவப்பு!

"சுண்ணாம்பு! மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டாதானே ஆரத்தி செவக்கும்? உங்க மருந்தும் அந்த ஜாதிதான்!"

"அப்ப புளிப்பு பட்டா திரும்பிடணுமே..."

"எலுமிச்சம்பழம்!"

இருவரும் சமையல்கட்டுக்கு ஓடினார்கள். மேடையில் மண்டியிட்டுப் பிழிந்தார்கள். சிவப்பு கண்ணெதிரே ஓடி மஞ்சளானது. வெறும் சுடுதண்ணீர் அடித்து உறிஞ்ச, அதுவும் வெளுத்தது. கடைசிப் பழத்துக்கு இரண்டு கைகள் ஒன்றாக நீண்டன... ஒன்றாகவே பின்வாங்கின.

"லேசா மஞ்ச இருந்தா நல்லதுதான்" என்றாள் சின்னப்பொண்ணு. "பொண்ணு மாப்ள நிக்கிற எடத்துல நீங்க ரெண்டு பேரும் எம்மா நேரம் உக்காந்துக்கினு இருப்பீங்க? எந்திரிங்க!"

விஜயலட்சுமி வெடுக்கென்று எழுந்தாள். "சரி, இந்த மிஷினையே எடுத்துக்கிறேன்."

அவன் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "வேணாங்க. இது கரண்டு ஜாஸ்தி இழுக்கும். இந்த ஒயரு தாங்காது. இப்பவே கொதிக்குது. ஒயர மாத்தாம வாங்காதீங்க."

எல்லோர் எதிரிலும்! அவளுக்குச் சுருக்கென்றது. "பொம்பளைக்கு கரண்டப் பத்தி இன்னா தெரியும்னு நெனைக்கிறீங்களா? மஞ்சளே தெரியாத ஆளு எனக்குப் பாடம் எடுக்கிறீங்களா? கெளம்புங்க!"

சிரித்த கண்கள் அணைந்தன. அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்று ரிசப்ஷன் விளக்குகள் எரியத் தொடங்கியதும் கருகல் வாசம் வந்தது. பெட்டியைத் திறந்த எலக்ட்ரீஷியன் தலையில் கை வைத்தார். ஒயரெல்லாம் உருகிக் கிடந்தது. "இன்னும் கொஞ்சம் அந்த மிஷின் ஓடியிருந்தா மண்டபமே எரிஞ்சிருக்கும்மா."

எவ்வளவு பேசிவிட்டோம்... ஒரு மன்னிப்பாவது கேட்க வேண்டாமா? மறுநாள் மிஷின் விற்கும் அரங்கநாதனுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் பையனா? அவனே வந்து நடந்ததையெல்லாம் சொன்னான். விக்கப் போன எடத்துல வாங்காதன்னு சொல்றவன் எனக்கு எதுக்கும்மா? வேலைய வுட்டு அனுப்பிட்டேன். வெள்ளிமலைக்கு அவன் வூட்டுக்குப் போயிட்டான்."

அவள் போனை வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கா? அதுவும்... என்னிடம் சொன்னதற்கா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்கூட்டரை எடுத்தாள். கச்சிராயபாளையம் தாண்டியதும் தூறல். வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன்மலை வளைவுகளில் பனிமூட்டம், பிறகு கொட்டும் மழை. விசாரித்துக்கொண்டு போய் நின்றது சாமை அரைக்கும் மில் ஒன்றில். உள்ளே ஸ்டூல்மேல் நின்று மோட்டாருக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான் முருகவேல். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த டெஸ்டர் கீழே விழுந்தது.

"நீங்களா! இந்த மழையிலயா?"

"எங்க ஊர்லயும் அதே மழைதாங்க..."

அவன் இந்த முறை சிரிக்கவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மண்டபத்துக்காரரு ஒயரெல்லாம் மாத்திட்டாரு. கரண்டு மிஷினையே வாங்கப் போறேன். ஆனா, ஓட்டுறதுக்கு நீங்க வந்தாதான் வாங்குவேன்."

"பாவம் பாத்து வேல குடுக்க வேணாங்க." குரலில் வீம்பு. "மஞ்சள ரத்தமாக்குனவன் நான்."

"நீங்க மட்டும் இல்ல." அவள் தரையைப் பார்த்தாள். "ரெண்டாவது மூடி ஊத்துனப்ப நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். "பாத்தீங்களா? அப்புறம் ஏங்க தடுக்கல?"

"மொதல்ல நீங்க ஏன் ஊத்துனீங்க?"

தகரக் கூரையில் மழை பொரிந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"கை மருந்துல இருந்துச்சு. கண்ணு... உங்க மேல."

"என் கண்ணும் உங்க மேலதான்... மண்டபம், கார்ப்பெட், எல்லாமே போயிருக்கும். அது தெரிஞ்சும் வாய் வரல."

அவன் மெல்லக் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"அய்யய்யோ... செவக்குதே! எலுமிச்சம்பழம் எடுத்தாரட்டா?"

"வேணாம்..." என்றாள் விஜயலட்சுமி. "இது இப்படியே இருக்கட்டும்."