மழைக்கு ஒதுங்கிய பத்து கம்ப்யூட்டர்கள்

"அதைக் கீழே வைங்க."

வைக்கவில்லை. மானிட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த நெட்டை ஆசாமி, யார் இது என்பதுபோல் திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்... திட்டுவதற்காக அவள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் பாதி போன இடம் தெரியவில்லை. கண்களா அவை... தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தாலும் உள்ளே எங்கேயோ ஒரு சிரிப்பை ஒளித்து வைத்துக்கொண்டு... சீ, திருடனுக்குக்கூடத்தான் கண் அழகாக இருக்கும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டு அவள் வாசலை மறித்தாள்.

அவள் அந்தப் பள்ளிக்கூடத்தின் லைப்ரரி மிஸ். புத்தகம் கிழிந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் கை படாமல் கிடக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அதனால் அவளுடைய லைப்ரரி எப்போதும் சந்தைக்கடைதான். அடுத்த அறையிலோ பத்து கம்ப்யூட்டர்கள் வந்த நாளிலிருந்து உறை போட்டு, பூட்டுப் போட்டுத் தூங்கின. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று ஹெட்மாஸ்டருக்கு நடுக்கம். பெரிய மனிதர்கள் வந்தால் மட்டும் திறந்து காட்டுவார். அந்த ஹெட்மாஸ்டர் வேறு யாருமில்லை, அவளைப் பெற்றவர்தான். வீட்டில் அப்பா, பள்ளிக்கூடத்தில் சார். இரண்டு இடத்திலும் சாவியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

வந்தவன் நிதானமாகவே சொன்னான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் அவன் கம்ப்யூட்டர் வாத்தியார். சும்மா கிடப்பதை எடுத்து, பயன்படுத்துகிற பள்ளிக்குக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. ஹெட்மாஸ்டரும் தலையாட்டிவிட்டார்.

"எங்க பிள்ளைங்களுக்காக வந்ததுங்க இது."

"வந்துச்சு... தொட்டுப் பார்த்தாங்களா?"

சுருக்கென்றது அவளுக்கு. அவனுடைய பிள்ளைகள் அட்டையில் கீபோர்டு வரைந்து வைத்துத் தட்டிப் பழகுகிறார்களாம். கண்ணை மூடிக்கொண்டே எந்த எழுத்து எங்கே என்று சொல்வார்களாம். தட்டிய எழுத்து திரையில் தெரிவதைத்தான் இன்னும் ஒருவரும் பார்த்ததில்லை. இரக்கம் தேடாமல்தான் சொன்னான். நியாயம் அவன் பக்கமும் இருந்தது, அதுதான் எரிச்சல்.

அப்போது பிடித்துக்கொண்டது மழை... வானமே ஓட்டையானதுபோல். அவன் கொண்டுவந்த வேனோ பின்பக்கம் திறந்த வேன். வேறு வழியில்லாமல் மானிட்டரைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டு, மழை விடட்டும், ஏற்றிக்கொள்கிறேன் என்றான்.

விடட்டுமே என்றாள் அவளும். என்றவள் நேராக லைப்ரரிக்குப் போய், அங்கிருந்த பிள்ளைகள் அத்தனை பேரையும் கம்ப்யூட்டர் அறைக்குள் ஓட்டிக்கொண்டு வந்தாள். உறைகள் பறந்தன. சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஏதாவது உடைஞ்சா யாரும்மா பதில் சொல்றது?"

பள்ளிக்கூடத்தில் அவர் அவளை 'அம்மா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளும் 'சார்' மறந்தாள்.

"இத்தனை நாளா ஒண்ணும் உடையலப்பா. ஒரு பிள்ளையும் கத்துக்கவும் இல்ல. எதுப்பா நஷ்டம்? உடைஞ்சா நான் பதில் சொல்றேன்."

"நான் சரிபண்ணித் தர்றேன் சார்," என்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல். எடுத்துக்கொண்டு போக வந்தவன் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தான்.

ஹெட்மாஸ்டர் நல்லவர்தான், பயந்த நல்லவர். ஒரு சின்னப் பெண் தன் பெயரைத் தட்டி, அது திரையில் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டதை அவர் பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து அந்த அறையின் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவனும் அந்தப் பெண்ணைத்தான் பார்த்தான். லைப்ரரி மிஸ்... அவனைப் பார்த்தாள். கண்ணோரம் ஈரமாகிற ஆண்பிள்ளையைப் பார்த்தால் எவளுக்குத்தான் கோபம் நிற்கும்?

மழை விட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. பாதியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். இனி இவை சும்மா கிடப்பவை இல்லை, தானமாக எதுவும் வேண்டாம் என்று முறுக்கிக்கொண்டான் அவன்.

"தானமா? அந்தப் பேச்சே இல்ல. சனிக்கிழமை நீங்க இங்க வந்து சொல்லிக்கொடுக்கணும். உங்க ஸ்கூல்ல லைப்ரரி இருக்கா?"

"ஒரு அலமாரிகூட இல்ல."

"அப்போ புதன்கிழமை நான் புத்தகப் பெட்டியோட அங்க வருவேன்."

மறுத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். மறுத்துப் பாருங்கள் என்றாள். மறுக்கவில்லை. ஹெட்மாஸ்டரே மேலிடத்துக்குப் போய்ப் பேசிப் பாதியை இங்கேயே நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் வந்த சனிக்கிழமைகளை என்னவென்று சொல்ல... 'வேன் சார்' என்று பிள்ளைகள் அவனுக்குப் பெயர் வைத்தார்கள். அவர் வருகிற நாளில் மிஸ் இரண்டு தடவை தலை வாருகிறாள் என்றும் கண்டுபிடித்தார்கள். ஓரத்துக் கம்ப்யூட்டர் ஒன்று மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கெட்டுக் கிடந்தது, அவனும் சலிக்காமல் சரிபண்ணினான். அவன் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவள் விழுந்து விழுந்து கற்றாள். பிள்ளைகள் இனி யாரையும் நம்பி நிற்கக் கூடாது என்ற வைராக்கியம். அந்த வைராக்கியமே ஒருநாள் அவளுக்கு வினையாக வந்தது.

"இனிமே நான் வரணும்னு அவசியம் இல்ல மிஸ். எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்குவீங்க," என்றான் அவன், பையைத் தோளில் மாட்டியபடி.

பிள்ளைகளுக்கென்றால் ஊரையே எதிர்த்து நிற்கிற அவள் வாய்... தனக்கென்று ஒன்றைக் கேட்கத் தெரியாமல் நின்றது.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போறேன். வாராவாரம் கெட்டுப்போகுதே அந்த ஓரத்துக் கம்ப்யூட்டர்... அது கெடல. கிளம்பும்போது நான்தான் உள்ள ஒரு ஒயரைத் தளர்த்திவிட்டுப் போவேன். மறுவாரம் வரணுமே... உங்களைப் பார்க்கணுமே. அதுக்காகப் பிள்ளைங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாரம் முழுக்க இல்லாமப் போச்சு. அதான் மனசு உறுத்துது."

அவள் அவனையே பார்த்தாள். கோபம் வரப்போகிறது என்று அவன் தலைகுனிந்தான். வந்தது சிரிப்பு... அடக்க அடக்க வந்த சிரிப்பு.

"ஒரு பிள்ளைக்கும் ஒருநாளும் இல்லாமப் போகல. திங்கட்கிழமை காலையில முதல் வேலையா அந்த ஒயரை நான் மாட்டிடுவேன்."

"அப்போ சனிக்கிழமை நான் வர்றப்போ..."

"வெள்ளிக்கிழமை பிள்ளைங்க போனதும் திரும்பக் கழட்டி வைப்பேன்."

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. அவள்தான் கன்னம் சிவக்க, ஆனால் கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இனிமே ஒயரையெல்லாம் தொடாதீங்க. நாளைக்கு எங்க வீட்டுக்கு வாங்க... உங்க அம்மாவையும் கூட்டிக்கிட்டு."