நல்லா கீறேன் டாக்டர்

ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ முகாம். வரிசை வாசலைத் தாண்டி வளைந்து நின்றது. அதில் நூற்றுப் பன்னிரண்டாவது டோக்கன் பிரகாசத்துடையது. வயது அறுபத்திரண்டு. பக்கத்தில் அவருடைய தம்பி மகள் ஸ்வீட்லின், ஆறாம் வகுப்பு. அம்மா அப்பா இருவருக்கும் கம்பெனியில் லீவு கிடைக்காததால், வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவள்தான் பெரியப்பாவை அழைத்து வந்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து பெரியப்பாவின் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்பத்தூரில் லேத் ஓட்டிய கை அது. இன்று டாக்டர் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் எழுதினால் அரசு உதவித்தொகைக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் வேப்பம்பட்டில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுவதாகப் பெரியப்பா சொல்லிவிட்டார்.

"எத்தினி நாளு தம்பிக்குப் பாரமா கீறது?" என்பார். அவர் இல்லாத வீட்டை ஸ்வீட்லினால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அவரோ கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி முகம் மழித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

"எப்படி இருக்கீங்க ஐயா?" என்றார் டாக்டரம்மா, காகிதத்திலிருந்து நிமிராமலே.

"ஸ்தோத்திரம்! கர்த்தர் கிருபையால நல்லா கீறேன் டாக்டர்."

ஸ்வீட்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சில் யார் விசாரித்தாலும் பெரியப்பா சொல்லும் பதில் இது. குறை சொன்னால் விசுவாசம் இல்லை என்றாகிவிடும் என்பது அவர் எண்ணம்.

"வலது கையைத் தூக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு தோள் வரைக்கும் தூக்கிவிட்டார்.

"சட்டை நீங்களே போட்டுக்குவீங்களா?"

"போட்டுக்குவேன்."

"சாப்பாடு?"

"நானே துன்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் மனிதர். டாக்டர் 'முப்பது' என்று எழுதிவிட்டார்.

"அடுத்தவங்க வாங்க!"

ஸ்வீட்லினுக்கு அழுகை முட்டியது. உண்மையைக் கத்திச் சொல்லிவிடலாம். ஆனால் பின்னால் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழுமே, பெரியப்பா கூனிக் குறுகிப் போவாரே! கையிலிருந்த ஜெராக்ஸ் காகிதம் ஒன்றைத் திருப்பினாள். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மளமளவென்று எழுதி டாக்டரிடம் நீட்டினாள்.

'பெரியப்பா பொய்க்காரர் இல்லை. சர்ச்சில் சொல்கிற பதிலை உங்களிடமும் சொல்லிவிட்டார். சட்டைப் பட்டன் நான்தான் போட்டேன். சோறு அம்மா பிசைந்து தருவாங்க. இடது கையில் ஸ்பூனால் சாப்பிடுவார், பாதி கொட்டிவிடும். பாத்ரூமில் இரண்டு தடவை விழுந்தார். அது எங்களுக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.'

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். அடுத்து வந்தவரைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, எழுந்து திரையை இழுத்துவிட்டார்.

"ஐயா, சட்டையைக் கழற்றிட்டு மறுபடி போடுங்க. அவசரமே இல்ல."

இடது கையால் எப்படியோ கழற்றிவிட்டார். போடத்தான் முடியவில்லை. வலது கை விரல்கள் துணியைப் பிடிக்கவே இல்லை. ஐந்து நிமிடம் போராடியும் ஒரு பட்டன்கூட ஓட்டைக்குள் நுழையவில்லை. பெரியப்பாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"முடியல டாக்டர்" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து ஸ்வீட்லின் கேட்டதே இல்லை. அவளும் அழுதுவிட்டாள்.

டாக்டர் எல்லாப் பரிசோதனையையும் முதலிலிருந்து நிதானமாகச் செய்தார். முப்பதை அடித்துவிட்டு, ஐம்பத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பட்டன் போடப் போன ஸ்வீட்லினின் கையைப் பெரியப்பா விலக்கிவிட்டார். திறந்து கிடந்த சட்டையை இடது கையால் சேர்த்துப் பிடித்தபடி, காலை இழுத்து இழுத்துப் பஸ் ஸ்டாப் வரை நடந்தார்.

"எம்மேல கோவமா பெரியப்பா?"

"கோவந்தான். உம்மேல இல்ல."

"அப்போ வேப்பம்பட்டு போவீங்களா?"

பஸ் ஸ்டாப்பில் நல்ல கூட்டம். பூக்காரம்மா, காலேஜ் பையன்கள், சர்ச்சில் பார்த்த ஒன்றிரண்டு முகங்கள்கூட. எல்லார் எதிரிலும் பெரியப்பா சட்டையைப் பிடித்திருந்த கையை எடுத்தார்.

"எங்கியும் போவல. இத்தைப் போட்டு உடும்மா, என்னால முடியல."

ஸ்வீட்லின் கீழ்ப் பட்டனிலிருந்து ஆரம்பித்தாள்.