சுக்குவுக்கு எப்போது விடியும்?

சுக்கு இன்றைக்கும் கரைக்குப் போகவில்லை.

வைத்திக்குப்பத்தில் விடிந்ததும் கரைவலை இழுப்பார்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கயிறுகளைக் கரையில் நின்று இழுப்பார்கள். கயிற்றில் கை வைத்த எல்லோருக்கும் மீனில் பங்கு உண்டு.

தேவிப்பிரியாவின் நாய் சுக்குவுக்கும் உண்டு. கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டு, உறுமியபடி அது பின்னால் நகரும். நாலு மத்தி மீன் அதன் பங்கு.

ஒரு மாதமாகச் சுக்கு காலையில் எழுந்திருப்பதே இல்லை.

"ஒன்பது வயசுல சோம்பேறி ஆயிடுச்சு," என்றார் அப்பா முத்துவேல். "தவளக்குப்பத்துல அத்தை மீன்கடைக்குக் காவலுக்கு நாய் கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை கொண்டு போய் விட்டுடறேன். அங்க கட்டிப்போட்டா குரைக்கவாவது செய்யும்."

தேவி ஓடி வந்தாள். சுக்குவின் முன்னங்கால்களைப் பிடித்து இழுத்தாள். "எழுந்திரு சுக்கு! உன்னை அனுப்பிடப் போறாங்க!"

சுக்கு பல்லைக் காட்டிச் சீறியது.

அவளிடம் அது இதுவரை சீறியதே இல்லை. தேவி வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். 'என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?' என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

அப்போது அம்மா கேட்டைத் திறந்தாள். உப்புக்காற்றில் துருப்பிடித்த கீல் 'கிரீச்' என்று அழுதது. காலையில் முதல் தடவைதான் அப்படி அழும். நாலு பேர் வந்து போனால் அடங்கிவிடும்.

பள்ளி விட்டு வந்தபோது சுக்கு வீட்டில் இல்லை. கரையில் ஒரு படகுக்குப் பின்னால், வெயிலில் காய்ந்த மணலில் கால்களைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தது.

தேவியும் பக்கத்தில் படுத்தாள். மணல் வெதுவெதுப்பாக இருந்தது. பகலெல்லாம் ஓடிய வெயில் களைத்துப்போய் அதற்குள் தூங்குவது போல் இருந்தது. அலைச் சத்தம் தூரம் தூரமாகப் போய், கண் செருகியது. அவள் முழங்காலுக்குள் ஒரு சின்னக் கதவு. அதன் கீல் நிறையத் துரு. நடக்க நடக்க 'கிரீச், கிரீச்'. மணல் சூடு உள்ளே இறங்க, கதவு மெல்லத் திறந்தது...

கண் விழித்தபோது சுக்கு எழுந்து நின்று வாலை ஆட்டியது. கொஞ்சம் நொண்டிக்கொண்டே அவளோடு வீடு வரை நடந்தது.

"அப்பா, சுக்கு சோம்பேறி இல்லப்பா. அதோட முட்டிக்குத்தான் காலையில விடிய மாட்டேங்குது!"

"நாய்க்கு முட்டி வலியா? அடுத்து மீனுக்கு இடுப்பு வலிம்பே!"

தேவி சிரிக்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அம்மாவை நச்சரித்து, சுக்குவை ஆட்டோவில் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் செந்தமிழ்ச்செல்வி சுக்குவின் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தார். "மூட்டு தேஞ்சு வீங்கியிருக்கு. காலையில விறைச்சுக்கும். எங்க படுக்குது?"

"சிமென்ட் தரையில. அம்மா தினம் கழுவி விடுவாங்க."

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஈரத்துல படுக்க வேணாம். கனமா சாக்கு போடுங்க. நான் தர்ற மாத்திரை மட்டும்தான், மனுஷங்க மாத்திரையைக் குடுத்துடாதீங்க."

"சுடுமணல் ஒத்தடம் குடுக்கலாமா டாக்டர்?"

"லேசான சூட்டுல குடு. முதல்ல உன் கன்னத்துல வெச்சுப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. அப்பா வலை இழுக்கப் போயிருந்தார். அம்மா வறுத்துத் தந்த மணலைத் தேவி துணியில் கட்டினாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சுக்குவின் முட்டியில் வைத்தாள்.

சுக்கு லேசாக உறுமியது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டது.

"அவசரமே இல்ல சுக்கு," என்றாள் தேவி.

இருவரும் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வலை ஏறிவிட்டது. அப்பா பங்கு பிரித்துக்கொண்டிருந்தார். சுக்கு நொண்டி நொண்டிப் போய், மணலில் கிடந்த கயிற்றின் நுனியைக் கவ்வியது. இழுக்கவில்லை. கவ்வியபடியே படுத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது.

"மணல் மூட்டை ஒத்தடம் குடுத்தேம்ப்பா," என்றாள் தேவி. அப்பா சுக்குவின் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு நாலு மத்தியை அதன் முன்னால் வைத்தார்.

"என்ன முத்துவேலு," என்று கிண்டலாகக் கேட்டார் பக்கத்தில் நின்ற ஆதிமூலம். "வலை ஏறின அப்புறம் வர்றவங்களுக்கும் பங்கா?"

"அதுக்கு இப்பதான் விடிஞ்சுது," என்றார் அப்பா.

பிறகு தேவியின் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "நாளைக்கு இன்னொரு மூட்டை சேர்த்துக் கட்டு. எனக்கும் தோள் வலிக்குது."