எதை முதல்ல எடுக்கட்டும்?

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மழை சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொண்டது. போர்வையில் சுற்றிய பழைய சி.பி.யு.வைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடிய ஹேமாவதி, கண்ணில் பட்ட முதல் கடைப் படியில் ஏறினாள். அதே நொடியில் குடையை விரித்தபடி ஒருவன் உள்ளேயிருந்து வெளியே வந்தான்.

டங்!

சி.பி.யு. படியில் மோதி நின்றது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"சாரிங்க... குடை மறைச்சுடுச்சு."

நனைந்த இமைகளோடு முறைத்தவளை அவன் ஒரு கணம் கூடுதலாகவே பார்த்துவிட்டான். பிறகு அவசரமாகக் குனிந்து சி.பி.யு.வைத் தூக்கினான். "உள்ள வாங்க. இது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைதான்."

அவன் பெயர் கதிரவன். வேறொரு சர்வீஸ் கடைக்கென்று கிளம்பி வந்தவள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். புது லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள். "பழசுல இருக்கறதெல்லாம் இதுக்கு மாத்தணும்."

அவன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றித் தன் மிஷினில் மாட்டினான். டிக்... டிக்... டிக்...

அவன் முகம் மாறியது. "எப்பலேர்ந்துங்க இந்த சத்தம்?"

பத்து நாளாக. அதனால்தான் புது லேப்டாப்பே வாங்கினாள். ஆனால் கோபம் உண்மையை முந்திக்கொண்டது.

"இப்பத்தான். நீங்க இடிச்சீங்களே... அதுல!"

சொன்ன பிறகு நெஞ்சு குறுகுறுத்தது. அவன் மறுத்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் மறுக்கவில்லை.

"சரிங்க. நானே எடுத்துத் தரேன். கூலி வேணாம். ஆனா டிஸ்க்கு தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்க முடியும். எது வரைக்கும் வரும்னு தெரியல. எதை முதல்ல எடுக்கட்டும்?"

பி.எட். நோட்ஸ், அண்ணன் கல்யாண போட்டோ, பள்ளிக்கூடத்துக்கு அவள் தயாரித்த பாடங்கள்... எதுவும் வாயில் வரவில்லை.

"நைனா குரல்," என்றாள்.

அவளுடைய நைனா, அதாவது அப்பா, நாகேந்திரன் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். "நகரி, புத்தூர், திருப்பதி!" என்று அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டே திரும்பும். போன வருஷம் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. அவள் ஹாஸ்டலில் இருந்தபோது அவர் போனில் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருந்தாள். அவை இந்த டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தன. இதையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

நான்கு நாள், பள்ளிக்கூடம் விட்டதும் தன் ஊரான கே.ஜி.கண்டிகைக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு இந்தக் கடைக்கு வந்தாள். டிஸ்க்கு சூடாகாமல் அவன் ஒரு மணி நேரம் ஓடவிடுவான், இரண்டு மணி நேரம் நிறுத்துவான். நடுவில் டீ வரும்.

"இதுக்கு ஜுரமா, ரெஸ்ட்டு குடுக்கறீங்க?"

"ஆங்... டீச்சரம்மா அடிக்கடி வந்து முறைக்கறாங்கல்ல, அந்த பயத்துல வந்த ஜுரம்."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தாள். சிரித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மாலை, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவன் ஒரு பதிவைத் தட்டினான். "ஏ ஹேமா... சாப்ட்டியாமா? புத்தூர் ரயில்வே கேட்டாண்ட ஒரு மணி நேரம் நிறுத்திட்டான்மா..."

அவளால் தாங்க முடியவில்லை. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். அவன் ஃபேனை மட்டும் அவள் பக்கம் திருப்பிவிட்டு வாசலில் போய் நின்றான். வெளியே மழை... உள்ளே நைனா பேசிக்கொண்டேயிருந்தார்.

நான்காம் நாள் அவன் கடையில் இல்லை. ஜெராக்ஸ் மிஷின் அருகே அவனுடைய அக்கா அனுராதா நின்றிருந்தாள்.

"அவன் உங்க ஸ்கூலுக்குப் பேசிப் பாக்கத்தான் போயிருக்கான்மா. லேப்ல இருக்கற கம்ப்யூட்டரெல்லாம் இவன் பாத்துக்கறதா பேசி முடிச்சிருந்தாங்க. இப்ப வேணாம்னுட்டாங்களாம். கை தவறிப் போடற ஆளுன்னு யாரோ டீச்சர் சொன்னாங்களாம்."

 'கடைக்காரர் இடிச்சு டிஸ்க்கு போச்சு' என்று ஸ்டாஃப் ரூமில் அலட்சியமாகச் சொன்னது ஹேமாவதிதான்!

'போய்ச் சொன்னால் பொய்க்காரி என்பார்கள்... சொல்லாவிட்டால்?'

அன்றிரவு தூக்கமில்லை. காலையில் முதல் மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் வேதாசலத்தின் முன் நின்றாள்.

"சார், அவர் மேல தப்பில்ல. டிஸ்க்கு முன்னாடியே கெட்டுப்போயிருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி அவளை நெடுநேரம் பார்த்தார். அவள் நகராமல் நின்றாள். கடைசியில் அவர் போனை எடுத்துக் கதிரவனை மறுபடி வரச் சொன்னார்.

மாலையில் அவள் கடைக்குப் போனபோது லேப்டாப் தயாராக இருந்தது. பாதி போட்டோக்கள் போய்விட்டன. நைனாவின் பதிவுகள் ஒன்றுவிடாமல் வந்திருந்தன.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..." அவள் லேப்டாப்பை மூடினாள். "அந்த சத்தம் பத்து நாளா இருந்துச்சுங்க. உங்க மேல பழி போட்டுட்டேன்."

"தெரியும்ங்க."

"வேதாசலம் சார் சொன்னாரா?"

"முதல் நாளே தெரியும். எப்பலேர்ந்து தடுமாறுதுன்னு டிஸ்க்குலயே பதிஞ்சிருக்கும்."

 "அப்புறம் ஏன் சொல்லல? வேலையே போயிருக்குமே!"

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். "சொல்லியிருந்தா அந்தக் கோவத்துல டிஸ்க்கைத் தூக்கிகினு போயிருப்பீங்க. நாளைக்கு வரமாட்டீங்களேன்னு... முதல்ல அவ்ளோதான் நெனைச்சேன். அப்புறம் நீங்க அழுததைப் பாத்தேனா... புடிச்சுப்போச்சுங்க. ரொம்ப."

தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. 

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க," என்றாள் தரையைப் பார்த்து. "இதையெல்லாம் நீங்களே நைனாவுக்குப் போட்டுக் காட்டுங்க."

"யாருன்னு சொல்லிகினு வர்றது? ரிப்பேர்காரனாவா?"

"நைனா கேப்பாரு."

"அவரால பேச..." பாதியில் நிறுத்தினான்.

"கண்ணால கேப்பாருங்க. என்னையத்தான் பாப்பாரு..." அவள் நிமிர்ந்தாள். அன்று மழையில் முறைத்த கண்கள் இப்போது அவனை முறைக்கவில்லை. "எனக்கு இவரப் புடிச்சிருக்கு நைனான்னு நான் சொல்லிக்கறேன்."