தார்னாகா குழியிலிருந்து ஒரு குரல்

சிவப்பு டெலிபோன் அடித்தது.

எடுக்க வேண்டியவர் மேஜைக்கு அடியில் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது!

இன்ஸ்பெக்டர் கிதியோன் கைக்குட்டையால் ரிசீவரைப் பிடித்து எடுத்தார்.

"ஹலோ... நாச்சாரமா? தார்னாகா குழியிலேருந்து பேசறேன். அறுந்த கேபிளை ஒட்டற ஜாயிண்டர். லைன் சரியா இருக்கா?" தெலுங்கில் கேட்டது குரல்.

"இருக்கு," என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு வைத்தார்.

செத்தவர் ஜம்புநாதன். நாச்சாரம் பேரிங் தொழிற்சாலையின் டெலிபோன் என்ஜினீயர். பக்கத்தில் ஒரு சுத்தியல். பிடியில் சூடு போட்ட எழுத்து... 'எஸ்.ஆர்.'

மாலை ஆறு பத்து. 1988. கிதியோன் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. உட்கார வேண்டும் போலிருந்தது.

உட்கார்ந்தார்.

ஏழு மணிக்கு சாரங்கபாணி வந்தார். செகந்திராபாத் தலைமை அலுவலகத்தில் சீனியர் மேனேஜர். சஃபாரி சூட்.

"சூசைராஜ்தான் இன்ஸ்பெக்டர்! எங்க லைன்மேன்! மூணு பத்துக்கு ஜம்பு என் ரூமுக்குப் பேசினான். 'சார், சூசை சுத்தியலோட வர்றான்'னு கத்தினான்... கட் ஆயிடுச்சு!"

"உடனே யார்கிட்டயும் சொல்லலையே?"

"தினமும் சண்டை போடறவங்க சார். இப்படி ஆகும்னு கண்டேனா?"

"உங்க ஆபரேட்டர் ரிஜிஸ்டர்ல அந்தக் கால் இல்லையாமே?"

சாரங்கபாணி சிரித்தார். பாடம் நடத்துகிறவரின் சிரிப்பு.

"அது ஹாட்லைன். இந்த சிவப்பு போனுக்கும் என் ரூமுக்கும் நேரா ஒரு தனிக் கம்பி. இங்க எடுத்தா அங்க அடிக்கும். நம்பர் கிடையாது. ஆபரேட்டர் கிடையாது. உலகத்துல வேற யாரும் இதை அடிக்க முடியாது!"

"ரெண்டேகாலுக்கு யாரோ குழி தோண்டி உங்க கேபிளை வெட்டிட்டாங்களாமே?"

"அது கம்ப்யூட்டர் லைன். தார்னாகா வழி. ஹாட்லைன் உப்பல் வழி. ஒண்ணு செத்தா இன்னொண்ணு பேசணும். அதுக்குத்தானே ரெண்டு? நானே செலக்ட் பண்ணினது சார்! டெல்லி வரைக்கும் போய்..."

"சரி, சரி."

புகார் இரண்டு பக்கம் டைப் ஆகி வந்தது. சாரங்கபாணி பேனாவைத் திறந்தார். முதல் பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து. இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு கையெழுத்து.

"படிச்சுப் பாருங்களேன்."

"ஒரு நாளைக்கு நாப்பது ஃபைல் சார் எனக்கு! படிக்க ஆரம்பிச்சா ஆபீஸ் நடக்குமா?"

லாக்கப்பில் சூசைராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நக்கோ சார், இல்லை சார்... நான் அடிக்கலை! கம்ப்யூட்டர் நின்னதும் ஜம்பு சார்தான் 'எங்க கட் ஆயிருக்கு, பார்த்துட்டு வா'ன்னு அனுப்பினார். ரெண்டரைக்குக் கிளம்பி, சைக்கிள்ல ஹப்சிகூடா ரோடு பூரா சுத்தினேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"வெயில்ல கேபிள் தேடறவனை எவன் சார் பார்ப்பான்?"

"சுத்தியல்?"

"மேஜை மேலயே விட்டுட்டேன். கனம் சார்..."

வெளி பெஞ்சில் அவன் மனைவி ஹில்டா. மடியில் டிபன் கேரியர்.

"தூக்குல போட்டுருவாங்களா சார்?"

கிதியோன் மனசுக்குள் கணக்குப் போட்டார். ஒரு மேனேஜரின் வார்த்தை. ஒரு லைன்மேனின் சுத்தியல். எந்தக் கோர்ட்டுக்கும் அது போதும்!

"சாப்பாடு ஆறுதும்மா. போய்க் குடு."

வீட்டுக்குப் போகலாம் என்று தொப்பியை எடுத்தார். மேஜை டெலிபோன் அடித்தது. யாரோ கேஸ் சிலிண்டர் கேட்டார்கள்.

"ராங் நம்பர்."

வைத்தார். வைத்த கை அப்படியே நின்றது.

நம்பர்...!

நம்பரே இல்லாத அந்தச் சிவப்பு டெலிபோன், தார்னாகா குழியிலிருந்து எப்படி அடித்தது?

கிதியோன் தொப்பியை மறுபடி மேஜைமேல் வைத்தார். முதுகு வலித்தது.

மறுநாள் காலை. செகந்திராபாத். சாரங்கபாணியின் அறை.

உட்காரச் சொல்லாமலே கிதியோன் உட்கார்ந்தார்.

"சிவப்பு போனை வேற யாரும் அடிக்க முடியாதுன்னீங்க."

"ஆமா!"

"நேத்து ஆறு பத்துக்கு அடிச்சுது. நான்தான் எடுத்தேன். பேசினது கேபிள் ஜாயிண்டர். தார்னாகா குழிக்குள்ள உட்கார்ந்து, உங்க ஹாட்லைன் கம்பியிலயே தன் போனை மாட்டிப் பேசியிருக்கான். காலையில போய் விசாரிச்சேன். கேபிள் மொத்தமும் துண்டாகியிருக்கு. ரெண்டேகால்லேருந்து ஆறு பத்து வரைக்கும் உங்க ரெண்டு லைனும் பொணம் சார்! மூணு பத்துக்கு ஜம்புநாதன் எதுல பேசினார்?"

"ரெண்டும்... ஒரே குழியா? நோ! உப்பல் வழின்னு என் ஆர்டர்லயே இருக்கு!"

"ஆர்டர்ல இருக்கு. மண்ணுக்குள்ள இல்லை."

கிதியோன் ஒரு ஃபைலைப் பிரித்தார்.

"ஜம்புநாதன் டிராயர்ல இருந்தது. போன வாரம் அவர் உங்களுக்கு எழுதின நோட். முதல் பக்கம்... உங்க மச்சான் கம்பெனி மோடம் மட்டம், கம்ப்யூட்டர் லைனுக்கு ஆகாது, சேர்மனுக்கு எழுதப்போறேன்."

சாரங்கபாணி ஃபைலுக்குக் கை நீட்டினார். கிதியோன் கொடுக்கவில்லை.

"இதைப் படிச்சீங்க. நேத்து யாருக்கும் தெரியாம ஃபேக்டரிக்கு வந்து கெஞ்சிப் பார்த்தீங்க. அவர் மசியலை. மேஜை மேல சுத்தியல் இருந்துது. அதுலயே பழி போட ஒரு பேரும் இருந்துது. ஆனா ரெண்டாம் பக்கம்... அதைப் படிக்கலையே சார்!"

கிதியோனே படித்துக் காட்டினார்.

"'இரண்டு லைன் தேர்ந்தெடுத்தால் போதாது. இரண்டு வழி தேர்ந்தெடுக்க வேண்டும். உப்பல் பாதையில் இடமில்லை என்று டெலிபோன் இலாகாவில் இரண்டையும் தார்னாகா கேபிளிலேயே கொடுத்துவிட்டார்கள். ஒரு கடப்பாரை போதும். இரண்டும் போய்விடும்.'"

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு சுருக்கொப்பம். பார்த்துவிட்டேன் என்று திருப்பி அனுப்பியதற்கு அடையாளம்.

சாரங்கபாணியுடையது!

அவர் நாற்காலியில் சரிந்தார்.

கிதியோன் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார்.

"ஸ்டேஷனுக்குச் சொல்லு. சூசைராஜை விடட்டும். அந்தம்மா இன்னும் பெஞ்சுலயே உட்கார்ந்திருக்கும்."

ஃபைலைக் கைப்பற்றியதற்கு மகஜர் எழுதி நீட்டினார்கள். இரண்டு பக்கம்.

சாரங்கபாணி பேனாவைத் திறந்தார். தயங்கினார். மூடினார். முதல் வரியில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லாக...

கிதியோன் கொட்டாவி விட்டார்.

"நிதானமா படிங்க சார். இனிமே உங்களுக்கு நாப்பது ஃபைல் வராது!"